நிமிடத்துக்கு இருபது

எங்கள் வார்டில் படுத்திருந்த எல்லோரும் நிமிடத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விட்டார்கள். கிழவிக்கும் இருபது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இருபது. காய்ச்சலில் கொதித்தவளும் இருபது, மறுநாள் வீட்டுக்குப் போகிறவளும் இருபது. சார்ட்டை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எழுதியது நாங்கள், நர்சிங் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மிஷின் இருக்கிறது. நாடியைக் கால் நிமிடம் பிடித்து நாலால் பெருக்கிக்கொள்வோம். மூச்சுக்கு மட்டும் முழு நிமிடம் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணியாக வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றி விடுவார்கள். அதனால் நாடி பார்க்கிற மாதிரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோகச் சொல்லித் தந்திருந்தார்கள். இந்த வித்தை எங்களுக்கு வேறு வழியில் உதவியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் எண்ணுகிறாளா, மத்தியானம் ஹாஸ்டலில் என்ன குழம்பு என்று யோசிக்கிறாளா, யார் கண்டது?

நான் குழம்பை யோசிக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா கரும்பு வெட்டுகிறவள். களமருதூரில் வீட்டைத் தவிர எங்களுக்கு ஒரு அடி நிலம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு லீவில் நானும் வெட்டுக்குப் போயிருக்கிறேன். தோகை முகத்தைக் கீறும், வேர்வை பட்டால் எரியும். ஆனால் அந்த வேலையில் பொய் சொல்ல முடியாது. வெட்டாத கரும்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றுகொண்டிருக்கும். மேஸ்திரி அதைக் காட்டி, பத்துப் பேருக்கு நடுவில் கேட்பார்.

முதல் ஆண்டில் உடற்கூறியல் தாளில் முப்பத்தெட்டு வாங்கித் தோற்றேன். காரணம் போன். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் ஒரு மணி வரைக்கும் யார் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அரியர் விழுந்த அன்று போனை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ரூம் தோழி ரம்யாவிடம் கொடுத்தேன். ரம்யா சின்னசேலத்துக்காரி. எதையும் சிரிக்காமல் வாங்க மாட்டாள்.

"சாவி எங்கிட்டயா? நான் தொறந்து பாத்துடுவேன்டி."

"பாரு. பாஸ்வேர்டு உனக்குத் தெரியாதே."

"சரி, உன் ஆளு போன் பண்ணா இன்னா சொல்றது?"

"எனக்கு ஏதுடி ஆளு?"

"இனிமே வந்தா? சும்மா கேட்டு வச்சிக்கிறேன்."

அன்றிலிருந்து பத்து மணிக்குத் தூங்கி நாலே முக்காலுக்கு எழுந்தேன். மொட்டை மாடியில் அரை மணி நடை. ஹாஸ்டல் டீயையும் பன்னையும் விட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவில் கூழ். டைமர் வைத்து இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் கண்ணை மூடல், மறுபடி இருபத்தைந்து. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, பின்பக்கத்தில் பாடத்தை எழுதி, யூனிபார்ம் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் தலைவலி போனது. ரத்தம் ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்கு ஏறியது. ஹாஸ்டலில் எனக்கு 'அலாரம்' என்று பேர் வைத்தார்கள்.

பிரின்சிபால் காதுக்கும் அது போனது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டி, தானாகப் படிப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொன்னார். "நேரம் இல்லைன்னு சொல்லாதீங்க. நேரத்தை நாமதான் உண்டாக்கணும்" என்றேன். கைதட்டினார்கள். எங்கிருந்து உண்டாக்கினேன் என்பதை அங்கே சொல்லவில்லை. எனக்குப் பன்னிரண்டு கட்டில். மூச்சு எண்ண ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு சுற்றை எண்ணாமல் விட்டால் இருபத்து நாலு. என்னுடைய ஒரு படிப்பு வந்துவிடும்.

எங்கள் கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்கு டூட்டி. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பாப்பாத்தி என்று ஒருவர் சேர்ந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஊர். மழையோடு மரவள்ளிக் காட்டில் களை எடுத்ததில் காய்ச்சல், இருமல். நாலு நாள் பார்த்துவிட்டு, முடியாமல் போனதும் புருஷன் சடையன் பஸ்ஸில் இறக்கிக் கொண்டுவந்திருந்தார். நிமோனியா.

புதன் காலை பத்து மணிக்கு என்னோடு ஷாலினி மேடம் நின்றார். எங்களை வார்டில் மேய்க்கிற டீச்சர் அவர். அவர் நின்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணினேன். இருபத்தெட்டு. ஜாஸ்திதான். மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏற்கெனவே இருந்தது. டாக்டர் ஊசி மருந்தை மாற்றினார். மேடம் வேறு வார்டுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குத் தனியாகப் போனேன். பாப்பாத்தியின் மணிக்கட்டைப் பிடித்தேன். கிழங்கு தோண்டுகிற கை, உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. என் அம்மாவின் கையும் அப்படித்தான். அந்த நினைப்பு வந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் அட்டை. சிறுநீரகத்துக்குள்ளே இருக்கிற நெஃப்ரானின் பாகங்கள். அரியர் பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. மனசுக்குள் ஒப்பித்து முடித்துவிட்டு, சார்ட்டில் இருபத்து நாலு என்று எழுதினேன். மருந்து மாற்றியிருக்கிறார்கள், குறைந்துதானே இருக்கும்.

இரண்டு மணிக்கு என் டூட்டி முடிகிறது. பத்து நிமிடம் முன்னால் கடைசிச் சுற்று. பாப்பாத்தி இரண்டு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

"பாப்பா, மூச்சு வாங்குது. ஏத்தத்துல சுமையோட ஏர்ற மாதிரி இருக்குது."

மணிக்கட்டைப் பிடித்தேன். அட்டையைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நின்றேன். நிமிடத்தை முழுசாகத்தான் நின்றேன், எண்ணவில்லை, அவ்வளவுதான்.

"ஊசி போட்டிருக்குது இல்லக்கா? கொறஞ்சிக்கினே வருது. நல்லா இருக்கீங்க."

"அப்படியா? செரி."

இருபது என்று எழுதினேன். இருபத்தெட்டு, இருபத்து நாலு, இருபது. அழகாக இறங்கியிருந்தது.

நான் பையை எடுக்கும்போது டாக்டர் வந்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற மிஷின் வார்டுக்கு ஒன்றுதான். அன்று அதை அவசரப் பிரிவுக்கு வாங்கிப் போயிருந்தார்கள். அவர் சார்ட்டைப் பார்த்தார். "பரவால்லையே, தேறிட்டாங்களே" என்று சொல்லி, ஆக்சிஜனை எடுத்து ஒன்பதாம் கட்டிலுக்கு வைக்கச் சொன்னார். நான் அங்கேதான் நின்றேன். 'சார், நான் எண்ணவில்லை' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அந்த நேரத்தில் எனக்குப் பயம்கூட வரவில்லை. எழுதியதை நானே நம்பிவிட்டேன். ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு டைமரைத் திருப்பி வைத்துப் படிக்க உட்கார்ந்தேன்.

அஞ்சு மணிக்கு டீ இடைவேளையில் ரம்யா வந்து சொன்னாள். அவளுக்கு அன்று மத்தியான டூட்டி.

"அந்த மலைக்காரம்மா இல்ல, பாப்பாத்தி. உதடெல்லாம் நீலமாயிடுச்சுடி. மூணே முக்காலுக்கு பௌசியாக்காதான் பாத்தாங்க. தொண்டையில டியூப் போட்டு சேலத்துக்கு அனுப்பிட்டாங்க. பொழச்சி வர்றது கஷ்டம்ங்கறாங்க."

என் முதல் நினைப்பு பாப்பாத்தியைப் பற்றியதாக இல்லை. சார்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது என்பதுதான். இரண்டாவது நினைப்பு, நல்லவேளை இருபது என்று எழுதியிருக்கிறோம் என்பது. இதை எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் அந்த வரிசையில்தான் வந்தது.

இருபது என்று இருந்ததால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியான டூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் பௌசியா அக்காவைக் கேட்டார்கள். கள்ளக்குறிச்சி டவுன்காரர். அப்பாவுக்குக் கடைவீதியில் சின்னத் துணிக்கடை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு மணிக்கு நன்றாக இருந்த நோயாளி மூணே முக்காலுக்கு இந்த நிலைக்குப் போயிருக்கிறார் என்றால் இடையில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மெமோ. அவர் அன்று புதிதாக வந்த மூன்று நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை, வேலை போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மருந்து அறையில் என்னைப் பிடித்தார்.

"சந்தியா, ரெண்டு மணிக்கு நீதான பாத்த? இருபதுதான இருந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆமாங்க்கா."

"நல்லா எண்ணுனியா?"

"எண்ணுனேங்க்கா."

"அப்ப எனக்குதான் கண்ணு அவிஞ்சி போயிருக்குது" என்றார். "நாலு தடவ அந்தக் கட்டில தாண்டிப் போயிருக்கேன். ஒரு தடவயாவது திரும்பிப் பாத்திருக்கணும் இல்ல? சார்ட் நல்லா இருக்குதேன்னு விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊசி மருந்தை உடைத்தார்.

அன்றைக்கு அப்புறம் எனக்குப் படிப்பு ஓடவில்லை. டைமர் ஓடியது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வகுப்பில் முன்வரிசையில் இருந்தவளின் முதுகைப் பார்த்து எண்ணினேன், பதினாறு. சோறு போடுகிற அக்காவுக்குப் பதினெட்டு. மாடிப்படி ஏறி வந்த வார்டனுக்கு இருபத்தாறு. ஒருத்தருக்குக்கூட இருபது வரவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை. நெஃப்ரான் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லி பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. கை தானாக வரைந்தது. எந்த நேரத்தை எடுத்து அதைப் படித்தேன் என்று தெரிந்துகொண்டே வரைந்தேன். படத்தை அடித்துவிட்டு வந்திருக்கலாம். அடிக்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பிரின்சிபால் அறையில் விசாரணை. என்னைக் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன். பிரின்சிபாலும் ஷாலினி மேடமும் உட்கார்ந்திருந்தார்கள், பௌசியா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், அந்த இருபது பொய். அதுக்கு முன்னாடி இருபத்து நாலும் பொய். நான் எண்ணல."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணாம இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"படிச்சிக்கினு இருந்தேன் மேடம்."

"படிச்சிக்கினு இருந்தியா?"

"அட்டைல. கைய புடிச்சிக்கினே."

பிரின்சிபால் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார், "நடந்து எட்டு நாள் ஆவுது. இன்னைக்கு வந்து சொல்ற. பரீட்சை முடியட்டும்னு இருந்தியா?"

வேறு ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இந்தக் கேள்விக்கு அழ முடியவில்லை.

"ஆமா மேடம்."

பௌசியா அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேனே உன்ன. தனியா கூப்டுதான கேட்டேன்? எட்டு நாளா எங்க அத்தா சோறு எறங்காம கெடக்குறாரு சந்தியா." குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலாம். அப்புறம் அவர் என்னோடு பேசியதே கிடையாது.

பிரின்சிபால் அந்த மாதத்துச் சார்ட் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஷாலினி மேடம் மேஜை மேல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருபது. இருபது. இருபது. ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்ட ஒரு பாட்டிக்கு அன்று சாயந்தரமும் இருபது எழுதியிருந்தது. அது ரம்யாவின் கையெழுத்து.

பௌசியா அக்காவின் வேலை தப்பியது, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். எங்கள் செட் முழுக்கப் பொங்கல் லீவில் வார்டு டூட்டியைத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு எட்டு வாரம் வார்டுக்குப் போகத் தடை. அந்த மணிநேரத்தை எல்லோரும் படிப்பை முடித்துப் போன பிறகு தனியாக முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஹாஸ்டலில் ரம்யா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பண்ணத நீ சொல்லிட்டு வர்றதுதான? எங்கள ஏன்டி இழுத்த?"

"நான் யாரையும் சொல்லல. சார்ட்ட அவங்களே கேட்டாங்க."

"கேப்பாங்கன்னு தெரியாதா உனக்கு? எங்க அக்காவுக்குப் பொங்கலுக்கு வளைகாப்பு. நான் இங்க கெழவிங்களுக்கு மூச்சு எண்ணிக்கினு இருப்பேன்." சட்டையை உதறினாள். "நாங்கல்லாம் சோம்பேறித்தனத்துல எழுதனோம். நீ மார்க்குக்காக எழுதன. அதுக்கு மைக்க புடிச்சி வேற பேசன."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. டிரங்குச் சாவியை என் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்து ரூமுக்கு மாறிக்கொண்டாள்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. எழுபத்தொன்று. அம்மாவுக்குப் போன் போட்டேன். கரும்புத் தோட்டத்தில் இருந்தாள், பின்னால் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"எழுவத்தொண்ணா! ஏ கமலா, எம்பொண்ணு எழுவத்தொண்ணு வாங்கிட்டாளாம்!" என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் கத்தினாள். "நான் சொன்னேன் இல்ல, நீ உக்காந்தா படிச்சிடுவன்னு. நல்லா துன்றியா?"

"துன்றேம்மா."

"அப்புறம் ஏன் கொரலு இப்படி இருக்குது?"

"சளிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தடையைப் பற்றி இன்றுவரைக்கும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தடைக் காலத்தில் என்னை ஓ.பி.யில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்திருந்தார்கள். அதே வாரம் ஒரு காலை, வரிசையில் சடையன் நின்றார். பின்னால் பெஞ்சில் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தார். சேலத்தில் பத்தொன்பது நாள் மிஷினில் இருந்து பிழைத்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். தொண்டைக்குழியில் குழாய் போட்ட தழும்பு, ரூபாய்க் காசு அளவுக்கு. வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார்.

சடையனுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"பாப்பாத்தி, யாருன்னு பாரு. அன்னைக்கு உன் கைய புடிச்சிப் பாத்துக்கினே இருந்துச்சே, அந்தப் பாப்பா. எல்லாரும் ஓடிக்கினே இருந்தாங்க, இது ஒண்ணுதான் நின்னு பாத்துச்சி."

திடீரென்று ஆகிவிட்டது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். விசாரணை, மெமோ எதுவும் அவர்கள் காதுக்குப் போகவில்லை. டோக்கனைக் கிழித்துக் கொடுத்து 'உக்காருங்க' என்று சொன்னால் முடிந்துவிடும். எழுந்து பெஞ்சுக்குப் போனேன்.

"அக்கா, அன்னைக்கு நான் எண்ணலக்கா."

"இன்னா எண்ணல?" குரல் காற்றாக வந்தது.

"உங்க மூச்ச. கைய புடிச்சிக்கினு என் பாடத்தப் படிச்சிக்கினு இருந்தேன். கொறஞ்சிருக்குதுன்னு நானா எழுதிட்டேன். அத பாத்துதான் டாக்டர் மூக்குல இருந்து குழாய எடுத்தாரு."

பாப்பாத்தி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்கன்னு சொன்னியே."

"சொன்னேங்க்கா."

"எனக்கு அதுக்கு அப்புறம் ரொம்ப முட்டுச்சி. இவுரு ஜன்னலாண்ட நின்னுக்கினு நர்ஸ கூப்படட்டுமா கூப்படட்டுமான்னாரு. நாந்தான் வாணான்னேன். அந்தப் பாப்பா இப்பதான் பாத்துட்டுப் போச்சு, நல்லாதான் இருக்குதாம், நான்தான் பயந்துக்கினு கெடக்கறேன்னேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "படிச்ச புள்ள சொல்லுதே, அப்ப நல்லா இருந்தா இப்படித்தான் இருக்கும்போலன்னு படுத்துக்கினேன்."

என் வாயில் 'மன்னிச்சிடுங்க' என்று ஒரு சொல் இருந்தது. அதை அவர் முன்னால் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சடையன் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கட்டும் என்றுகூட இருந்தது. அவர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத எண்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா?"

"ஆமாங்க."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். "ஒரு நிமிஷமாம்" என்றார்.

டாக்டர் அறையிலிருந்து அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். சடையன் அவரை முழங்கையில் தாங்கி எழுப்பினார். பெஞ்சிலிருந்து கதவு வரைக்கும் பத்தடி இருக்கும். நடுவில் பாப்பாத்தி ஒரு தடவை நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு போனார். நான் மேஜைக்குத் திரும்பினேன். அடுத்து நின்ற அம்மாள் டோக்கனுக்குக் கையை நீட்டினார்.